பாட்டும் கைதட்டலும்

மார்க் என்றால் ரீத்தாவுக்குத் தெரியும். அருமனையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்து எடுத்தே தலை நரைத்தவள். எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியில் சறுக்கும் என்று பேப்பரைத் திருத்துவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு கல்லூரி வந்து, மார்க் மட்டும் போதாது, உன் மகள் வகுப்புக்கு வெளியே என்ன செய்தாள் என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சல் மார்ச் மாதம் தொடங்கியது, அக்டோபர் வரை அவளை விடவில்லை.

கல்லூரியைக் கண்டுபிடித்தது மகள் பிரீனாதான். பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். சின்னக் குழந்தைகள் எப்படி மொழி கற்றுக்கொள்கின்றன என்று படிக்க அங்கே ஒரு படிப்பு இருக்கிறதாம். டாக்டர், இன்ஜினியர், நர்ஸ் என்று மூன்று வாசல் மட்டுமே தெரிந்த ஊரில் இதென்ன நாலாவது வாசல் என்று ரீத்தா முதலில் குதித்தாள். ஒரு வாரம் பிரீனா சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து இறங்கி வந்தாள். இறங்கி வந்தது மட்டுமல்ல, இறங்கிய வேகத்தில் மகளைவிட மும்முரமாகிவிட்டாள். ரீத்தாவுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது.

முழு உதவித்தொகையோடு எடுக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போது அக்டோபரில். ஆகவே பிரீனாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோடை விடுமுறை. இந்த மே மாதத்தைச் சரியாகச் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுத் தர, திருவனந்தபுரத்தில் ஆலோசகராக இருக்கும் ஷைஜாவைப் பிடித்தார்கள். மஸ்கட்டில் இருக்கும் கணவர் ஞானதாசன்தான், கூட வேலை பார்க்கிறவரிடம் விசாரித்து நம்பர் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். ரீத்தா கையில் சிவப்பு மை பேனா. ஷைஜா சிரித்த முகம் மாறாமல் ஒவ்வொரு கோடைப் பயிற்சியாகத் திரையில் காட்டினாள்.

“இது டெல்லியில் மேடம். இளம் தலைவர்கள் மாநாடு. மூணு நாள்.”

“மூணு நாளையில என்ன தலைமை வரும்? ஒரு வகுப்புக்கு லீடர் போட்டாலே பிள்ளையளு அடங்கதுக்கு ஒரு மாசம் ஆகும்.”

“அப்போ இது நோக்குங்க. ஆராய்ச்சி. மோள் ஒரு கட்டுரை எழுதும், அது ஒரு ஜர்னல்ல வரும்.”

“பதினோராம் கிளாஸ் பிள்ள என்ன ஆராய்ச்சி எழுதும்?”

“ஒரு மென்டர் கூட இருந்து உதவி செய்யும் மேடம்.”

“அப்பம் அந்த மென்டரே போய் காலேஜ்ல சேரட்டு.”

பிரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஷைஜா சிரிப்பை விடாமலேயே, ஒன்று கேட்டாள். “மோள் இதுவரை ஸ்கூலுக்கு வெளியே என்னெல்லாம் செய்தது? நாட்டில், உங்க ஊரில், வீட்டுப் பக்கத்தில், எதாவது?”

“நான் வி.பி.எஸ். எடுக்கேன்” என்று பிரீனா தொடங்கினாள்.

“அது சர்ச்சுல நடக்கிறதாக்கும்” என்று ரீத்தா வெட்டினாள். “எல்லா பிள்ளையளும் போறது. அதெல்லாம் இதுல வராது. நீங்க அடுத்ததைக் காட்டுங்க.”

வி.பி.எஸ். என்பது விடுமுறை வேதாகமப் பள்ளி. மே மாதம் பிறந்தால் அருமனைச் சுற்றுவட்டாரத்தில் எல்லா சபையிலும் பத்து நாள் அதுதான் திருவிழா. பாட்டு, கதை, படம் வரைதல், வண்ணக் காகிதத்தில் தொப்பி, கடைசி நாள் பிள்ளைகள் கொடி பிடித்து ஊரைச் சுற்றிப் போகும் பவனி. ரீத்தாவும் சின்ன வயதில் போனவள்தான். காற்றைப் போல எப்போதும் இருக்கிற ஒன்றை யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா? அவளுக்கு அது தோன்றவே இல்லை. பிரீனா எட்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மேயும் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள் என்பது தெரியும். வீட்டில் சார்ட் காகிதம் தீர்ந்துபோவதும், கத்தரிக்கோல் காணாமல் போவதும் அதைவிட நன்றாகத் தெரியும்.

ஷைஜா அடுத்ததைக் காட்டினாள். உத்தராகண்டில் ஒரு மலைக் கிராமம். நகரத்துப் பிள்ளைகள் அங்கே போய்த் தங்கி, ஏழைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் சேவை முகாம். பின்னால் பனிமலை, முன்னால் சிரிக்கும் குழந்தைகள். முடிவில் சான்றிதழ், முகாம் தலைவரின் பரிந்துரை எல்லாம் உண்டு. மகள் படிக்கப்போவது குழந்தைகளைப் பற்றி. முகாமும் குழந்தைகளைப் பற்றி. ரீத்தாவுக்குச் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டது. சிவப்புப் பேனாவால் தாளில் பெரிதாக ஒரு சரி போட்டாள்.

“அம்மா, அந்தத் தேதியிலதானே வி.பி.எஸ்.?” என்றாள் பிரீனா.

“ஒரு வருசம் நீ இல்லேன்னா கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு.”

“கர்த்தர் இல்லம்மா. எஸ்டேட் பிள்ளையளு. அவியளுக்கு நான் மட்டும்தான் உண்டு.”

“யாரு அவியளு?”

பிரீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. ஞானதாசனிடம் பனிமலையை விவரிக்கிற உற்சாகத்தில் ரீத்தா தன் கேள்வியையே மறந்துவிட்டாள். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “செரி, போறேன்” என்று சொல்லி அறைக்குள் போனாள்.

ஆனால் சபையில் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வி.பி.எஸ். கமிட்டி கூடியபோது, செயலாளர் செல்வதாஸ் எழுந்து பிரீனாவின் பெயரைத்தான் முதலில் வாசித்தார். செல்வதாஸ் ரப்பர் ஷீட் வியாபாரி. எதைச் சொன்னாலும் பிரசங்கம் போல நீட்டிச் சொல்கிறவர். “நம்ம பிரீனா மோள் இந்த வருசமும் வேற்றுமொழிப் பிள்ளையளுக்கான வகுப்பைத் தாங்கி நடத்துவா என்று ஜெபத்தோட எதிர்பார்க்கோம்” என்றார்.

ரீத்தா எழுந்தாள். “இந்த வருசம் அவ இல்ல மாமா. வெளிய ஒரு ட்ரெயினிங் உண்டு. காலேஜுக்கு வேணும்.”

“பத்து நாள்தானே டீச்சர். இதை முடிச்சுட்டுப் போனா போராதா?”

“அதே தேதியாக்கும்.”

“அப்பம் அடுத்த வாரம் ட்ரெயினிங் உண்டான்னு கேட்டுப் பாருங்களேன். அந்த கிளாஸை எடுக்க வேற ஆளு இல்ல.”

பின்னால் இரண்டு பெண்கள் ஏதோ குசுகுசுத்தார்கள். அங்கேதான் ரீத்தாவுக்கு மண்டைக்கு ஏறியது. ஊரில் யாருக்கும் தன் மகளின் எதிர்காலம் ஒரு பொருட்டில்லை, எல்லாருக்கும் தங்கள் பத்து நாள்தான் பெரிது என்று வந்தது கோபம். “நீங்க சொல்லுங்க மாமா, இந்தப் பாட்டும் கைதட்டலும் எந்த காலேஜ்ல எடுப்பான்? என் பிள்ள படிக்கணும். இதுக்கு வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற பிரீனா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வீடு வரைக்கும் அம்மாவுக்கு முன்னால் நான்கடி தள்ளியே நடந்தாள்.

மே மாதம் பிரீனா மலைக்குப் போனாள். இங்கே ஒரே மழை. மத்தியானம் வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு இடி இறங்கும், கரண்ட் போகும். ரீத்தா போனைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காக மொட்டை மாடிக்கும் முற்றத்துக்கும் ஓடுவாள். முகாமிலிருந்து தினமும் படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் ஒரே நிற பனியன் போட்ட பிள்ளைகள், மடியில் ஒரு மலைக் குழந்தை. பிரீனாவின் படங்களில் மட்டும் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. ரீத்தா அவற்றில் நல்லதாகப் பொறுக்கி, விண்ணப்பத்துக்கென்று தனியாகச் சேர்த்து வைத்தாள்.

ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் தெருவில் மேளச் சத்தம். வி.பி.எஸ். பவனி. முன்னால் ஆன்ஸ்லின் கொடியோடு போனாள், நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. பின்னால் வண்ணத் தொப்பி வைத்த குழந்தைகள் இரண்டு வரிசை. பிரீனா சொல்லிக் கொடுத்த பாட்டுதான், மெட்டு ரீத்தாவுக்கு நன்றாகத் தெரியும். அடுக்களையில் மகள் பாடிப் பாடி அவள் காதைத் துளைத்த பாட்டு. நடுவில் ஒரு வரி இந்தியில் வரும். பவனி அந்த வரியில் தடுமாறி, வெறும் கைதட்டலாக ஆகி, அடுத்த வரிக்குத் தாவியது. ரீத்தா கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். ஏனென்று தெரியாமல் மனது பதைத்து ஒரு வெப்ராளம் வந்தது, காப்பி போட்டுக் குடித்தும் போகவில்லை.

பிரீனா திரும்பி வந்தாள். சான்றிதழை மேசையில் போட்டாள். குளித்து, மீன்குழம்பு ஊற்றிச் சோறு தின்றாள். ரீத்தாவால் பொறுக்க முடியவில்லை.

“எப்பிடி இருந்து? சொல்லு மக்களே.”

“கொள்ளாம், பரவாயில்ல.”

“கொள்ளாம்னா?”

“அங்க நாங்க செய்தது வி.பி.எஸ். தாம்மா. பாட்டு, கதை, காகிதத் தொப்பி. பவனி மட்டும் இல்ல.” பிரீனா முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். “எங்களுக்கு முன்ன ஒரு கூட்டம் வந்துட்டுப் போயிருக்கு. எங்களுக்குப் பெறவு ஒரு கூட்டம் வரும். அந்தப் பிள்ளையளுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். நான் சொல்லிக் குடுக்கதுக்கு முன்ன அதுகளே பாடுது. ஒரு குட்டி என்கிட்ட கேக்குது, அடுத்த வாரம் வரப்போற அக்காவுக்கு என்ன பேருன்னு.”

ரீத்தாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. “சான்றிதழ் உண்டுல்லா” என்று மட்டும் சொன்னாள். பிரீனா கை கழுவப் போய்விட்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஷைஜா விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அழைத்தாள். சிரித்த முகம் கொஞ்சம் மங்கியிருந்தது. “மேடம், ஒரு காரியம் பறையட்டே. இந்த முகாம் இப்போ எல்லாப் பிள்ளைகளும் எழுதுது. அதே மலை, அதே படம். அங்கே வாசிக்கிறவங்க பக்கத்தை வேகம் புரட்டி விட்டுப் போவாங்க. மோள் தானே தொடங்கி, நாலஞ்சு வருஷம் விடாம நடத்திய ஒண்ணு வேணும். சொந்த ஊரில். சின்னதா இருந்தாலும் போதும்.”

ரீத்தாவுக்கு ரத்தம் கொதித்தது. “இதை நீங்கதானே காட்டினிய?”

“நான் காட்டினது பல காரியம் மேடம். தேர்ந்தெடுத்தது நீங்க.”

பக்கத்தில் இருந்த பிரீனா, யாரும் கேட்காமலே, திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். ஜார்க்கண்டிலிருந்து ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்ட வந்த குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் வாய் திறக்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். எட்டாம் வகுப்பில் அவள் செல்வதாஸ் மாமாவிடம் கெஞ்சி வேன் அனுப்ப வைத்து, அவர்களை வி.பி.எஸ்.ஸுக்குக் கூட்டி வந்தாள். தமிழ் தெரியாதவர்களுக்கென்று ஒரு தனி வகுப்பு. அவர்கள் பேச்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று பாட்டுக் கட்டி, அதை வைத்தே தமிழ் பேச வைத்தது. யார் எந்தச் சொல்லை முதலில் பிடித்தார்கள், யார் எதில் திணறினார்கள் என்று எல்லாம் அவளுக்கு ஓர்மை இருந்தது. இந்தப் படிப்பின்மேல் ஆசை வந்ததே அங்கிருந்துதான்.

ரீத்தா தன் மகளை யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஷைஜா, “அன்னைக்கு நான் கேட்டேனே மேடம்” என்றாள். “இதுதான். இதைத்தான் எழுதணும். சபையில் இருந்து ஒரு கடிதம் வாங்குங்க.”

கடிதம். அந்தச் செல்வதாஸிடம். ரீத்தா இரண்டு நாள் தள்ளிப் போட்டாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், ரப்பர் ஷீட் வாடை அடிக்கும் அவர் கடைக்குள் நுழைந்தாள். செல்வதாஸ் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் குத்திப் பேசியிருந்தால் ரீத்தாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு பேசிவிட்டு வந்திருப்பாள். மனிதர் டீ வரவழைத்தார்.

“அதுக்கென்ன டீச்சர், எழுதித் தாறேன். சந்தோசமா எழுதித் தாறேன். அந்தப் பிள்ள செய்தது சாதாரண ஊழியமா?”

“இந்த வருசத்தையும் சேத்து எழுதிருங்க மாமா” என்றாள் ரீத்தா, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு. “விடாம நடத்தினதா இருந்தாத்தான் மதிப்பாம்.”

செல்வதாஸ் பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். “டீச்சர், கொடி புடிச்சது ஆன்ஸ்லினாக்கும். சபை முழுக்க பாத்தது. நான் கோயில் லெட்டர்ஹெட்ல எப்பிடி எழுதுவேன்?”

“ஒரு வருசம்தானே மாமா.”

“ஆன்ஸ்லினையும் குத்தம் சொல்லப்பிடாது. அவளுக்கு இந்தி தெரியாது. முதல் நாள் வேன் போச்சு, பிள்ளையளு ஏறிச்சு. பிரீனா அக்கா எங்கன்னு கேட்டுது. இல்லேன்னதும் ரெண்டாம் நாள் பாதி வந்துது. மூணாம் நாள் வேன் காலியாட்டு வந்துது. பெறவு நாங்க அனுப்பல்ல.” அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ரீத்தா பாதி டீயோடு கிளாஸை மேசையில் வைத்தாள்.

கடிதம் வந்தது. ‘கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே’ என்று தொடங்கி, பிரீனாவைப் பாராட்டி இரண்டு பக்கம். எல்லாம் உண்மை. ‘போன வருடம் வரைக்கும்’ என்று எழுதியிருந்ததும் உண்மை.

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் பிரீனா அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினாள். மலை முகாமுக்கு ஒரு வரி கொடுத்தாள். வி.பி.எஸ். வகுப்புக்குத் தொடங்கிய வருடம், முடிந்த வருடம் போட்டாள். உடனே அதற்குக் கீழே ஒரு புதுக் கட்டம் திறந்தது. இந்தச் செயல்பாட்டை ஏன் தொடரவில்லை? சுருக்கமாக விளக்கவும்.

பிரீனா கையை எடுத்துவிட்டாள். “அம்மா, இங்க வாங்க.”

ரீத்தா வந்து படித்தாள். “படிப்புச் சுமைன்னு எழுது.”

“அந்த மாசத்துலதானே மலைக்குப் போனேன்னு மேல எழுதியிருக்கு.”

“அப்பம் உடம்பு சரியில்லேன்னு எழுது.”

“உடம்பு சரியில்லாமயா மலை ஏறினேன்?”

“என்னத்தையாவது எழுதேன் பிள்ளே! என்னைப் போட்டு எதுக்கு வதைக்குத?” ரீத்தாவின் குரல் உடைந்தது. ஏழு மாதம் ஓடியதும், கூட்டத்தில் கத்தியதும், செல்வதாஸிடம் டீ குடித்துக் கடன்பட்டதும் எல்லாம் அதில் இருந்தது. “யாருக்காகச் செய்தேன் நான்? எனக்காகவா செய்தேன்?”

“தெரியும்மா” என்றாள் பிரீனா. கோபமாகச் சொல்லவில்லை. “எனக்காகத்தான் செய்திய. அதனாலதான் கேக்கேன். நான் உள்ளதை எழுதினா இதுல நீங்க வருவிய. மூணு நாள் வேன் போனதும் வரும். எழுதட்டா வேண்டாமா?”

ரீத்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்பாகப் போட்ட கணக்கில் தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அந்த வரி எதுவென்று அவளுக்குத் தெரிந்தது. மகள் வாய் திறந்தபோது வெட்டிவிட்ட வரி. அதை அடித்துவிட்டு எழுதினால் விடை வராது.

“காலேஜ்ல எடுக்க மாட்டான்னா?” என்று கேட்டாள்.

“எடுக்காம இருக்கலாம்.”

வெளியே மழை தூறத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டால் நாளைக்குத்தான். ரீத்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். லேப்டாப்பை மகள் பக்கம் நேராகத் திருப்பி வைத்தாள்.

“வந்தா வரட்டு. எழுது. இங்கிலீஷ்ல தப்பில்லாம எழுது.”

பிரீனா தட்டத் தொடங்கினாள். ரீத்தா பரீட்சை ஹாலில் நிற்பது போல அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் வரி திரையில் வந்தது.

என் அம்மா ஒரு கணக்கு டீச்சர்.